மாதிரிப் போத்தலில் குமிழி இருந்தால் அளவு பிழைக்கும்

திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளி மணலில் கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் வேலையை நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968இலேயே திட்டமிட்டுத் தொடங்கியது. இந்த மணலில் அது யாரும் திட்டமிடாமலே கொஞ்சம் நடந்துவிடுகிறது. குளோரின் போட்டால் கிருமி சாகும். நீரில் கரைந்த கரிமப் பொருளோடு அதே குளோரின் சேர்ந்து, நெடுங்காலம் குடித்தால் கேடு செய்யக்கூடிய ட்ரைஹலோமீத்தேன்கள் என்ற நான்கு பொருட்களையும் உண்டாக்கும். அதற்குப் பயந்து குளோரினை நிறுத்துவது மடைத்தனம். வயிற்றோட்டம் அதைவிடக் கிட்ட நிற்கிற ஆபத்து.

கரையோரத்துக்கென்று தனிச் சிக்கல், கடலுப்போடு வரும் புரோமைட். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 65 மில்லிகிராம் இருக்கிறது. கிணற்றில் நூற்றிலொரு பங்கு கடல்நீர் கலந்தாலே 0.65 மில்லிகிராம் சேரும். அந்த அளவு உப்பு பலருக்கு நாக்கில் படாது. குளோரின் புரோமைட்டை மாற்றிவிட, புரோமின் சேர்ந்த ட்ரைஹலோமீத்தேன்கள் வேகமாகப் பிறக்கும். குளோரின் பார்க்கும் மாத்திரையின் இளஞ்சிவப்பு நிறம் இதைக் காட்டாது.

இவற்றை அளக்க மாதிரி எடுப்பதில்தான் அதிகம் பிழைக்கிறது. 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பி, டெஃப்லோன் பூசிய மூடி, உள்ளே குளோரினை அழிக்கும் மருந்தான சோடியம் தயோசல்பேற்று சில துகள். அது இல்லாவிட்டால் ஆய்வுகூடம் போய்ச் சேரும்வரை குளோரின் வேலை செய்துகொண்டே இருக்கும். குப்பியைச் சரித்து, சுவரோடு மெல்ல நிரப்புங்கள். வழிய விட்டால் மருந்தும் போய்விடும். விளிம்பில் நீர் குவிந்து நிற்கும்போது மூடி, கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். குமிழி ஏறினால் புதுக் குப்பியில் எடுங்கள். ட்ரைஹலோமீத்தேன்கள் அந்தக் காற்றுக்குள் ஓடிவிடும். ஐஸ் பெட்டியில், 14 நாளுக்குள் சோதனை.

மொட்டைமாடித் தாங்கிக்குப் போகும் நீரிலும் கடைசிக் குழாயிலும் எடுங்கள். வெயிலில் சூடேறி இரண்டு நாள் கிடந்த நீரில்தான் அளவு கூடும்.

நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு குளோரோபோம் 300, புரோமோடைகுளோரோமீத்தேன் 60, டைபுரோமோகுளோரோமீத்தேன், புரோமோபோம் இரண்டும் 100 மைக்ரோகிராம் வீதம். அறிக்கையில் முறையே 60, 30, 40, 20 என்று வந்தால் ஒவ்வொன்றும் எல்லைக்குள்தான். ஆனால் எல்லையால் வகுத்துக் கூட்டினால் 0.2, 0.5, 0.4, 0.2, மொத்தம் 1.3. ஒன்றைத் தாண்டக்கூடாது என்பதே விதி.

வருடத்துக்கு ஒரு மாதிரி போதாது: ஓகஸ்ட் வறட்சியில் உப்பேறும், டிசம்பர் மழையில் குழிநீர் உயரும். இரண்டிலும் எடுங்கள்.