டயாஸ்கிசிஸ்: தொடர்பறு செயல்மந்தம்

மூளையில் ஓரிடம் சிதைந்தால், அதோடு நரம்பிழைகளால் பிணைந்த வேறோர் இடம், தனக்குக் காயம் எதுவும் இல்லாமலே மந்தமாகிவிடும். இந்த நிலைக்குப் பெயர் டயாஸ்கிசிஸ்.

கிரேக்கத்தில் 'டியா' என்றால் ஊடாக. 'ஸ்கிசிஸ்' என்றால் பிளவு. சொல்லை ஆக்கியவர் ரஷ்யாவில் பிறந்து ஜூரிக்கில் பணியாற்றிய நரம்பியலாளர் கான்ஸ்டன்டின் ஃபான் மொனாக்கோ. அதே நகரின் ஆய்கன் பிளாய்லர் 1908இல் அறிமுகப்படுத்திய 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற மனநோய்ப் பெயருக்கும் 'ஸ்கிசிஸ்' சொல்லின் வேரே மூலம். பொருளில் இரண்டுக்கும் உறவில்லை.

1914இல் வெளியிட்ட பெருநூலில் மொனாக்கோ தம் கருத்தை விரித்துரைத்தார். பக்கவாதத்துக்குப் பின் இழந்த திறன்களில் ஒரு பகுதி ஏன் தானாகவே திரும்புகிறது? வேறொரு பகுதி அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது என்பது ஒரு விடை. மொனாக்கோவின் விடை வேறு: காயத்தால் தூண்டல் வரத்து அறுந்து, நலமாக உள்ள பகுதிகளும் அடங்கிவிடுகின்றன, அந்த அடக்கம் விலக விலகத் திறன் மீள்கிறது. தண்டுவடம் அறுபட்டதும் அதன் கீழுள்ள அனிச்சைச் செயல்கள் முதலில் அடங்கிப் பின்னர் திரும்புவதும் இவ்வகைதான்.

உயிருள்ள மனிதரிடம் இதை அளந்து பார்க்க வெகுகாலம் வழியில்லை. 1980 வாக்கில் நரம்பியலாளர் ழான்-குளோட் பரோன், மூளையின் இரத்த ஓட்டத்தை அளக்கும் பெட் ஸ்கேன் கொண்டு, பெருமூளையின் ஒருபுறம் பாதித்தவர்களுக்கு எதிர்ப்புறச் சிறுமூளையில் இரத்த ஓட்டம் குறைந்திருப்பதைக் காட்டினார். பெருமூளையிலிருந்து வரும் இழைகள் மறுபக்கம் கடந்து சிறுமூளையை அடைவதே காரணம். ஆனால் நோயாளி தேறிய பிறகும் இக்குறைவு நீடிப்பதுண்டு. அடக்கம் விலகினால்தான் மீட்சி என்ற கணக்கு இங்கே இடிக்கிறது.

1982இல் ஆய்வாளர் டென்னிஸ் ஃபீனி குழுவினர், உடலசைவை ஆளும் மூளைப் பகுதியான இயக்கப் புறணியில் காயமுற்ற எலிகளுக்கு ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்தை ஒருமுறை கொடுத்தனர். மருந்தோடு நடைப்பயிற்சியும் பெற்றவை விரைவில் தேறின. அசையவிடாமல் வைத்தவற்றுக்கு அந்தப் பலன் இல்லை. மருந்து டயாஸ்கிசிஸைத் தளர்த்துவதாக ஃபீனி கருதினார். மனிதரிடம் செய்த சோதனைகளில் சீரான பலன் கிட்டவில்லை.

தமிழில் 'ஊடுபிளவு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், மூளை இரண்டாகப் பிளந்ததாக வாசகர் நினைப்பார். 'முடக்கம்' கைகால் வாதத்தை நினைவூட்டும். நிலையான இழப்பு என்ற சாயலும் அதில் உண்டு. இழப்பு திரும்பக்கூடும் என்பதால் 'மந்தம்' பொருந்துகிறது. காரணத்தைத் 'தொடர்பறு' சொல்லிவிடுகிறது. ஆகவே தொடர்பறு செயல்மந்தம் என்பதே என் தேர்வு. பரோன் கண்டது குறுக்குச் சிறுமூளைச் செயல்மந்தம். அடிபட்ட இடத்தைச் சுற்றி வரும் வீக்கத்துக்கோ இரத்தம் குறைந்து தத்தளிக்கும் விளிம்புப் பகுதிக்கோ இச்சொல்லை ஆளக்கூடாது.