அந்தக் கால் சுற்று எங்கே போனது?

போன சீசன் வரைக்கும் ட்ரிபிள் லட்ஸ் என்ற, காற்றில் மூன்று சுற்றுச் சுற்றும் தாவலை அலட்டிக்கொள்ளாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், இந்த சீசனில் அதே தாவலில் திரும்பத் திரும்ப விழுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 13 அல்லது 14. உடனே ஃபிகர் ஸ்கேட்டிங் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "கோச் சரியில்லை, உடனே மாற்றணும்" என்பது ஒரு கட்சி. "அவ்வளவுதான், திறமை தீர்ந்துபோச்சு" என்பது இன்னொன்று. இந்த இரண்டு பேச்சையும் கேட்கும்போது எனக்கு மனசு கஷ்டமாகிவிடும், ஏனென்றால் அவளுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் ஒரு பேப்பர், பேனா வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விஷயம்.

முதலில் தாவல் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பிளேடு பனியை விட்டுக் கிளம்பிய நொடியில் இரண்டு விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன: எவ்வளவு நேரம் காற்றில் இருக்கப்போகிறாள், எவ்வளவு சுழற்சியைக் கையோடு எடுத்துப் போகிறாள். காற்றில் பிடித்துத் தள்ள எதுவும் இல்லாததால், அந்தச் சுழற்சியின் அளவை, அதாவது கோண உந்தத்தை, அதற்கு மேல் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. உடலை எவ்வளவு இறுக்கிக்கொள்கிறாள் என்பது மட்டும்தான் அவள் கையில் மிச்சம். கைகளை மார்போடு சேர்த்து, கால்களைப் பின்னி, ஒரு கம்பத்தைப்போல ஆனால் வேகமாகச் சுற்றும். விரித்தால் மெதுவாகும், அப்படித்தான் இறங்கவும் முடிகிறது.

காற்றில் இருக்கும் நேரத்தை நீங்களே அளக்கலாம். நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் வீடியோவை நிறுத்தி நிறுத்தி நகர்த்துங்கள். டோ பிக் (பிளேடின் முன்முனையில் இருக்கும் பற்கள்) பனியை விட்ட ஃபிரேமிலிருந்து மறுபடி பிளேடு தொடும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். 18 வந்தால் 0.6 நொடி. அதை அதனாலேயே பெருக்கி, 1.23-ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் வந்துவிடும்: ஏறத்தாழ 44 செ.மீ. 15 ஃபிரேம்தான் வந்தது என்றால் 0.5 நொடி, 31 செ.மீ. ஒரு ஃபிரேம் தப்பாக எண்ணினாலே 5 செ.மீ. அளவுக்கு ஆட்டம் காட்டும், இறங்கும்போது முழங்காலை மடக்குவதும் கொஞ்சம் குழப்பும், அதனால் ஒரே தாவலை மூன்று நான்கு வீடியோவில் எண்ணிப் பாருங்கள். எண்ணியவுடன் ஒன்று உறைக்கும். 31 செ.மீ.க்கும் 44 செ.மீ.க்கும் நடுவில் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியும், ஆனால் நேரத்தில் கிடைப்பது வெறும் பத்தில் ஒரு நொடி.

அந்தப் பத்தில் ஒரு நொடியில்தான் எல்லாமே இருக்கிறது. ட்ரிபிளில் காற்றில் மட்டும் 2.75 சுற்று போடுகிறாள் என்று எடுத்துக்கொள்வோம் (மிச்சம் பனியில் கிளம்பும்போதும் இறங்கும்போதும் போய்விடும்). 31 செ.மீ. தாவுகிறவள் நொடிக்குச் சராசரி 5.5 சுற்று வேகத்தில் சுற்றியாக வேண்டும். 44 செ.மீ. தாவுகிறவளுக்கு 4.6 போதும். மதிப்பெண் பட்டியலில் இரண்டு பேருக்கும் ஒரே ட்ரிபிள்தான். ஆனால் முதல் பெண் தன்னால் இறுக்க முடிந்த அளவுக்கு ஏற்கெனவே இறுக்கிவிட்டாள், இரண்டாவது பெண்ணிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

இப்போது வளர்ச்சி வருகிறது. பெண்களுக்கு 12 வயதை ஒட்டியும், ஆண்களுக்கு 14 வயதை ஒட்டியும் உயரம் வேகமாகக் கூடும். உச்சத்தில் வருடத்துக்கு 8, 9 செ.மீ. என்பது சாதாரணம். 145 செ.மீ. இருந்த பெண் 160 செ.மீ. ஆகிறாள் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 10 சதவீதம்தான் கூடியிருக்கிறது. உடல் எல்லாப் பக்கமும் அதே விகிதத்தில் வளர்ந்தால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் சுழற்சிக்கு உடல் காட்டும் எதிர்ப்பு, பாடப்புத்தகத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்போமே, அது எடையோடு மட்டும் நிற்பதில்லை. அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் வர்க்கத்தையும் சேர்த்துக்கொள்ளும். தோள் அகலமாகிறது, இடுப்பு அகலமாகிறது, கை நீளமாகிறது. கணக்குப் போட்டால் உயரத்தின் ஐந்தாம் படி வரும்: 10 சதவீத உயரத்துக்கு 60 சதவீதத்துக்கும் மேல்.

தசையும் கூடவே வளரும், அதையும் கணக்கில் சேர்க்கணும். தசையின் பலம் உயரத்தின் வர்க்கமாகக் கூடும், தள்ளும் நெம்புகோலும் நீளமாகும், தள்ளும் நேரமும் கூடும், ஆக எடுத்துப் போகும் சுழற்சி நான்காம் படியாகக் கூடும். ஐந்துக்கு நான்குதான் ஈடு. அதனால் எல்லாமே ஒழுங்காக, அளவாக வளர்ந்தாலும், பயிற்சியில் ஒரு நாள்கூட விடுபடாவிட்டாலும், சுழலும் வேகம் சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். தாவும் உயரமோ இதே கணக்கில் குறைவதில்லை, அப்படியே நிற்கும். எனக்கு முதலில் இதை நம்ப முடியவில்லை, நெட்டையானால் தாவ முடியாமல் போகும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, 31 செ.மீ. பெண்ணிடம் திரும்பிப் போவோம். 5.5-இல் 9 சதவீதம் போனால் 5. அரை நொடியில் 2.5 சுற்று. முன்பு 2.75. கால் சுற்று குறைகிறது. நடுவர்கள் கோடு கிழித்திருக்கும் இடமும் அதுதான். சரியாகக் கால் சுற்று குறைந்தால் அடிப்படை மதிப்பு (அந்தத் தாவலுக்கென்று வைத்திருக்கும் புள்ளி) தப்பிக்கும், ஆனால் தரத்துக்கான புள்ளி குறையும். கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் அடிப்படை மதிப்பில் 80 சதவீதம்தான். அரைச் சுற்று அல்லது அதற்கு மேல் என்றால் அதை ட்ரிபிளாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், டபிளுக்கான மதிப்புதான். அதோடு, முழுசாகச் சுற்றி முடிக்காமல் இறங்கும் பிளேடு பக்கவாட்டில் பனியைக் கடிக்கும், ஆள் விழுந்துவிடுவாள். "ஒரே வருடத்தில் எல்லாம் போச்சு" என்று நாம் பார்ப்பது இந்தக் கால் சுற்றைத்தான். 44 செ.மீ. பெண்ணும் அதே 9 சதவீதத்தை இழப்பாள், ஆனால் அவள் கொஞ்சம் கூட இறுக்கிக்கொண்டால் ஈடுகட்டிவிடலாம்.

இது போதாதென்று இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். கண்ணால் பார்த்ததற்கு உடல் பதில் கொடுக்கவே ஏறத்தாழ 0.2 நொடி ஆகும், தாவலோ மொத்தமே 0.6 நொடி. காற்றில் யோசித்துத் திருத்த நேரமே இல்லை. கையை எப்போது இழுப்பது, எப்போது விரிப்பது எல்லாம் ஆயிரக்கணக்கான தடவை செய்து செய்து மூளையில் பதிந்த ஒரு வரிசை, அது அப்படியே ஓடும். ஆனால் அந்த வரிசை பழைய கைக்கும் பழைய காலுக்கும் எழுதப்பட்டது. கை கால் நீண்டு சுழற்சி மெதுவானதும், சுற்று முடிவதற்கு முன்பே பனி வந்து காலில் முட்டும். நல்ல பயிற்சியாளர்கள் இந்தக் காலத்தில் ட்ரிபிளைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு டபிளுக்கு இறக்குவார்கள், தரையில் தாவ வைப்பார்கள், ஹார்னஸில் மாட்டித் தூக்கிப் பிடித்து அந்த நேரக்கணக்கை மறுபடி பழக்குவார்கள், ஒரு நாளில் எத்தனை தாவல் என்று எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பின்னோக்கிப் போவதுபோல் இருக்கும். கோச்சை மாற்றச் சொல்லும் குரல்கள் அப்போதுதான் கூடும், மாற்றினால் புது கோச்சின் புது நுட்பம் பழைய பழக்கத்தோடு மல்லுக்கட்டும், பதற்றமான போட்டியில் பழையதுதான் ஜெயிக்கும். அந்தத் திருத்தத்துக்கு ஒரு முழு சீசன் போவது பெரிய விஷயமே இல்லை.

கோச்சைக் குறை சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குறை எங்கே தெரியும் என்றால் தாவுவதற்கு முந்தின நொடியில். லட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடு சுமார் 4 மி.மீ. அகலம், நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் விளிம்பு, அதைத்தான் எட்ஜ் என்கிறோம். பின்பக்கமாக நீண்ட வளைவில், இடது காலின் வெளி எட்ஜில் சாய்ந்து வந்து, வலது டோ பிக்கைக் குத்தி, வந்த வளைவுக்கு எதிர்த் திசையில் சுற்றணும் (வலப்பக்கம் சுற்றுகிறவர்களுக்கு இது தலைகீழ்). உடம்புக்கு இது பிடிக்காது. அதனால் கடைசி நேரத்தில் கணுக்கால் உள்பக்கம் சாய்ந்து உள் எட்ஜுக்குப் போய்விடும், அப்படிப் போனால் அது லட்ஸ் இல்லை, ஃபிலிப். டோ பிக்கைப் பாருங்கள்: குத்தினவுடன் கிளம்புகிறாளா, இல்லை பனியிலேயே பாதிச் சுற்றுக்கு மேல் திருகிவிட்டு அப்புறம் மேலே போகிறாளா? சின்ன உடம்பில் இந்தத் திருகல் பலிக்கும். 11 வயதில் பதக்கமும் வாங்கித் தரும். உயரமாகத் தாவக் கற்றுக்கொடுக்காமல் திருகக் கற்றுக்கொடுத்த கோச்சுக்கு, அவள் வளரும் வருடத்தில் கையில் எதுவும் இருக்காது.

"எடை போட்டுட்டா" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோமே, தயவுசெய்து அதை நிறுத்தணும். வளரும் உடம்புக்குச் சாப்பாடு குறைந்தால் எலும்பு வலுவடைய வேண்டிய வயதில் வலு சேராது, மாதவிடாய் நின்றுபோகும், எலும்பில் கீறல் விழும். விளையாட்டு வீரர்களிடம் வரும் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் தனிப் பெயரே கொடுத்தது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உடல் எடையைப்போல் பல மடங்கு விசையை ஒற்றைக் கால் தாங்குகிறது. அந்தக் காலுக்குத் தீனி வேண்டும்.

வளர்ந்த பிறகும் தாவலாம் என்பதற்கு எலிசவேத்தா துக்தமிஷேவாவைப் பாருங்கள். 2015-இல் ட்ரிபிள் ஆக்சலோடு (முன்பக்கமாகக் கிளம்பி மூன்றரைச் சுற்றுச் சுற்றும் தாவல்) உலக சாம்பியன், அடுத்த வருடம் உலகப் போட்டிக்கான அணியிலேயே இடமில்லை, 2021-இல் 24 வயதில் அதே ட்ரிபிள் ஆக்சலோடு வந்து உலக அளவில் வெள்ளி. கவோரி சகாமோதோ குவாடும் (நான்கு சுற்றுத் தாவல்) ட்ரிபிள் ஆக்சலும் இல்லாமலே 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று வருடம் உலக சாம்பியன். அவருடைய டபிள் ஆக்சல் எவ்வளவு தூரம் பறக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள், வேகத்தையும் உயரத்தையும் சேர்த்துவைத்தவர் எப்படி இருப்பார் என்று தெரியும். 2022-இல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் வயதை 15-லிருந்து படிப்படியாக 17-க்கு உயர்த்த முடிவெடுத்தது, 2024-25 சீசனில் 17 ஆனது. ஜூனியர் உலகப் பட்டத்தை 2023, 2024, 2025 என்று வரிசையாக வாங்கிய மாவோ ஷிமாதா, 2008 அக்டோபரில் பிறந்ததால் 2026 ஒலிம்பிக்கில் ஆட முடியாமல் போனது. ரசிகையாக எனக்கு அது வருத்தம்தான், ஆனாலும் விதி சரி என்றே நினைக்கிறேன். வளர்ச்சி முடிவதற்குள் எல்லாவற்றையும் அடித்துவிடணும் என்ற அவசரம் அதனால் குறைகிறது.

உங்களுக்குப் பிடித்த இளம் ஸ்கேட்டர் தடுமாற ஆரம்பித்தால், ஒரே தாவலின் இரண்டு வீடியோக்களை எடுங்கள், போன சீசன் ஒன்று, இந்த சீசன் ஒன்று. ஃபிரேம்களை எண்ணுங்கள். 17 அப்படியே 17-ஆக இருந்து, சுற்று மட்டும் குறைந்தால் அவள் வளர்ந்துகொண்டிருக்கிறாள், நேரம் கொடுத்தால் சரியாகும். 17 என்பது 14 ஆகிவிட்டால் அது வேறு கதை, வளர்ச்சியால் மட்டும் அப்படி ஆகாது. காயமா, சாப்பாடா, ஓய்வா, புது பூட்டா என்று அவள் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டாக வேண்டிய நேரம் அது.