பொட்டலம் கட்டப் போகிற பிள்ளை

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது, அதற்கப்புறம் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. தானே புயல், 2015 வெள்ளம் என்று ஒவ்வொரு தடவையும் யாரும் கூப்பிடாமலே சில பிள்ளைகள் கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்து சாம்பார் சாதம் பொட்டலம் கட்டுவார்கள். அதே தெருவில், அதே வயதில், அதே வசதியோடு இருக்கிற இன்னொருவனுக்கு அந்த எண்ணமே வராது. அவன் கெட்டவனும் இல்லை. அப்போ வித்தியாசம் எங்கே?

ஒரு பங்கு வளர்ப்பில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காப்பாற்றியவர்கள் 400 பேருக்கு மேல் தேடிப்பிடித்துப் பேசினார்கள் சாமுவேல் ஒலினர், பேர்ல் ஒலினர் தம்பதி. 1988-இல் முடிவுகள் வெளிவந்தன. காப்பாற்றாமல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இவர்களைப் பெற்றவர்கள் அடித்தது குறைவு, எடுத்துச் சொன்னது அதிகம். வயதான பிறகு நினைவிலிருந்து சொன்னவைதான், ஆனாலும் மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் தரும் விளக்கத்தோடு இது பொருந்துகிறது. "நீ தள்ளிவிட்டதில் அவன் முட்டி சிராய்ச்சு ரத்தம் வருது பார்" என்றால் பிள்ளையின் கவனம் அந்த முட்டிக்குப் போகும். முதுகில் ரெண்டு வைத்தால் கவனம் தன் முதுகிலேயே நின்றுவிடும்; அடுத்தவன் வலி அவனுக்குள் போகவே போகாது.

இன்னொரு பங்கு, தன்னைப் பற்றி அவன் வைத்திருக்கிற எண்ணம். கனடாவில் க்ரூசெக், ரெட்லர் இருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டில் ஜெயித்த கோலிக்குண்டுகளை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த எட்டு வயதுச் சிறுவர்களில் சிலரிடம் "நல்ல காரியம் செய்தாய்" என்றார்கள், சிலரிடம் "நீ உதவுகிற குணம் உள்ள பிள்ளை" என்றார்கள். பிற்பாடு வேறொரு சந்தர்ப்பத்தில் அதிகம் கொடுத்தது இரண்டாவது கூட்டம்தான். தான் இப்படிப்பட்டவன் என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் அதற்கேற்ப நடக்கத் தோன்றுகிறது.

சரி, அப்படியே புகழ்ந்து தள்ளலாமா? கூடாது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் நாலைந்து வயதுப் பிள்ளைகளை 'உதவியாளர்' ஆகச் சொன்னார்கள். உதவப்போன இடத்தில் காரியம் சொதப்பியதும், வெறுமனே உதவச் சொல்லப்பட்ட பிள்ளைகளைவிட இவர்கள்தான் சீக்கிரம் பின்வாங்கினார்கள். குணத்துக்கே பட்டம் கொடுத்தால் தோல்வியும் குணத்தின் தோல்வியாகத் தெரிகிறது. அதனால் நிவாரண வேலைக்கு முதல்முறை வந்த பையன் பால் பாக்கெட் கூடையைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டால், "கூடையை ரெண்டு கையாலும் பிடி, அடுத்த தெருவுக்கும் நீயே போ" என்று சொல்லி அனுப்புங்கள்.