சைலன்சரை மாற்றியதும் காருக்குள் வரும் முழக்கம்

ஸ்போர்ட்ஸ் காரில் நிறுவனம் கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் விற்கும் எக்ஸாஸ்டை மாட்டியவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைச் சொல்வார்கள். வண்டியைக் கிளப்பும்போது சத்தம் அருமை, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்னும் அருமை. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகத் தொடங்கியதும் தாழ்ந்த சுருதியில் ஒரு முழக்கம் வந்து காதை அடைக்கிறது. பேச்சு கேட்பதில்லை, பாட்டு கேட்பதில்லை, அரை மணி நேரத்தில் தலை கனக்கிறது. கார்ப் பிரியர்கள் இதைத்தான் 'ட்ரோன்' என்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வேகத்தைச் சற்றே கூட்டினால் முழக்கம் போய்விடும். குறைத்தாலும் போய்விடும். பழைய வேகத்துக்கு வந்தால் அதுவும் திரும்ப வரும். சத்தம் அதிகம் என்பது மட்டும்தான் கோளாறு என்றால், எஞ்சின் முழுப் பலத்தோடு இழுக்கும்போதல்லவா நிலைமை மோசமாக இருக்க வேண்டும்? அப்படி இருப்பதில்லை. ஏதோ ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் எங்கோ போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஆகவே மொத்தச் சத்தத்தையும் குறைக்கப் பார்ப்பதைவிட, அந்த ஒரு அதிர்வெண்ணைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

அதைக் கணக்கிடுவது எளிது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிந்த வாயுவை வெளியே தள்ளும். ஒவ்வொரு தள்ளலும் குழாய்க்குள் ஓர் அழுத்தத் துடிப்பு. ஆக, நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுற்று ஒன்றுக்கு இரண்டு துடிப்புகள். 3,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்றில், நொடிக்கு 50 சுற்று, ஆக நொடிக்கு 100 துடிப்பு. இதுவே 100 ஹெர்ட்ஸ். ஆறு சிலிண்டர் எஞ்சின் அதே 100 ஹெர்ட்ஸை 2,000 ஆர்பிஎம்மிலும், எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் அமைந்த வி8 எஞ்சின் 1,500 ஆர்பிஎம்மிலும் எட்டிவிடும். நெடுஞ்சாலையில் மேல் கியரில் எஞ்சின் சுழலும் வேகம் ஏறக்குறைய இந்த வட்டாரத்தில்தான் இருக்கும். தொல்லை தரும் முழக்கமும் அநேகமாக 80 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள்தான் வரும்.

துடிப்பு தானாக இவ்வளவு தொல்லை தராது. அதற்குத் துணை கிடைக்கிறது. முதல் துணை, எக்ஸாஸ்ட் குழாயே. நீளமான குழாய்க்குள் இருக்கும் வாயுவுக்கு இயல்பான அதிர்வெண்கள் உண்டு. துடிப்பு அதில் ஒன்றோடு இணைந்தால் ஒத்ததிர்வு உண்டாகி ஒலி பெருகும். இரண்டாவது துணையை முதலில் யாரும் சந்தேகிப்பதில்லை: நாம் உட்கார்ந்திருக்கும் அறை. காரின் உட்புறமும் மூடிய ஒரு காற்றுப் பெட்டிதான். முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை 2.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அரை அலைநீளம் அதற்குள் அடங்கும் அதிர்வெண் சுமார் 78 ஹெர்ட்ஸ். நிஜக் காரில் கூரையும் கதவும் தரையும் நெளிந்து கொடுக்கும் என்பதால் இந்த எண் கொஞ்சம் நகரும். ஆனால் வட்டாரம் அதே வட்டாரம். இந்த வகை அதிர்வில் அழுத்தம் இரு கோடிகளிலும் உச்சமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். ஓட்டுநர் "அவ்வளவொன்றும் இல்லையே" என்று சொல்லும்போது பின்சீட்டில் இருப்பவர் காதைப் பொத்திக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வேகம் எடுக்கும்போது எஞ்சின் இந்த ஒத்ததிர்வுப் பகுதியை ஓரிரு நொடியில் கடந்துவிடுகிறது. அதைக் காது கம்பீரம் என்று ரசிக்கிறது. ஒரே வேகத்தில் போகும்போது அங்கேயே கூடாரம் அடித்துவிடுகிறது. லேசான மேட்டில், மேல் கியரிலேயே எஞ்சினை இழுக்கவிட்டால் இன்னும் மோசம். சுமை கூடும்போது ஒவ்வொரு துடிப்பின் வலுவும் கூடுகிறது. காலை எடுத்துவிட்டால் சட்டென்று அடங்குவதும் அதனால்தான்.

சரி, பழைய சைலன்சரில் இது ஏன் இல்லை? அதற்குள் தடுப்புகளும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். ஒலி ஒரு குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் நுழையும்போது ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. எவ்வளவு திரும்பும் என்பது இரண்டின் குறுக்குப் பரப்பு விகிதத்தைப் பொறுத்தது. வெளிச்சந்தை எக்ஸாஸ்ட் இங்கேதான் சிக்கலை உண்டாக்குகிறது. அதன் குழாய் பெரியது. 15 சென்டிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு வெற்று அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 5 சென்டிமீட்டர் குழாய் அதில் இணைந்திருந்தால் பரப்பு விகிதம் 9. 300 டிகிரி செல்சியஸ் வாயுவில் 100 ஹெர்ட்ஸ் ஒலியை அது ஏறக்குறைய 8 டெசிபல் குறைக்கும். குழாயை 7.5 சென்டிமீட்டர் ஆக்கினால் விகிதம் 4. குறைப்பு 3 டெசிபலைக்கூட எட்டாது. அறை அதேதான், குழாய் மட்டும்தான் மாறியது.

வெளிச்சந்தை சைலன்சர்கள் பலவற்றில் அந்த அறைகூட இருப்பதில்லை. துளைகள் உள்ள நேர்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, வெளியே ஓர் உறை, அவ்வளவுதான். வாயு தடையில்லாமல் போகும், எஞ்சினுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். கரகரப்பான உயர் அதிர்வெண் ஒலிகளைப் பஞ்சு நன்றாகவே உறிஞ்சும். ஆனால் உறிஞ்சும் பொருளின் தடிமன் அலைநீளத்தில் கணிசமான பங்காக இருந்தால்தான் அது வேலை செய்யும். கால் பங்கு இருந்தால் உத்தமம். சூடான வாயுவில் 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல். மூன்று நான்கு சென்டிமீட்டர் பஞ்சு அதற்கு எம்மாத்திரம்! பஞ்சை இன்னும் கொஞ்சம் திணித்துப் பார்க்கலாம் என்பதும், காரின் தரை முழுக்க ஒலித்தடுப்புப் பாய் ஒட்டலாம் என்பதும் ஆசையில் செய்யும் செலவுகள். பாய் தகட்டின் அதிர்வைக் கொஞ்சம் தணிக்கும். காற்றுவழி வரும் 100 ஹெர்ட்ஸை அது பெரிதாக மதிப்பதில்லை.

ஒலிமானியும் நம்மை ஏமாற்றும். பொதுவாகச் சத்தத்தை அளக்கும் டெசிபல்-ஏ அளவுகோல், மனிதக் காது தாழ்ந்த ஒலியை மெல்லக் கேட்கும் இயல்பை ஒட்டி, 100 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் கணக்குக் காட்டும். காருக்குள் முழக்கம் தலையைப் பிளக்கும்போது திரையில் சாதுவான ஓர் எண் தெரியும். எக்ஸாஸ்ட் விளம்பரத்தில் வரும் டெசிபல் எண்ணை நான் நம்பாததற்கு இது போதுமான காரணம்.

இனி மருந்துக்கு வருவோம். மிக அழகானதும் மலிவானதும் ஒன்றுதான்: ஒரு முனை மூடிய கிளைக்குழாய். எக்ஸாஸ்ட் குழாயின் பக்கவாட்டில் அதைப் பற்றவைக்கிறார்கள். இடத்துக்காக வளைத்துவிடுவதால் பெரும்பாலும் ஆங்கில ஜே எழுத்துப் போல இருக்கும். அதற்குள் வாயு ஓட்டம் கிடையாது, எனவே எஞ்சின் பலத்தில் இழப்பும் அநேகமாகக் கிடையாது. ஒலி மட்டும் உள்ளே போய், மூடிய முனையில் மோதித் திரும்பி வருகிறது. கிளையின் நீளம் கால் அலைநீளமாக இருந்தால், போக வரச் சேர்த்து அரை அலைநீளம். திரும்பி வரும் அலை, முதன்மைக் குழாயில் போகும் அலைக்கு நேர் எதிர்க்கட்டத்தில் வந்து சேரும். அங்கே மேடு இருக்கும்போது இங்கே பள்ளம். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அதே அதிர்வெண்ணின் 3 மடங்கு, 5 மடங்கு ஒலிகளும் சேர்த்து அடிபடும். இரண்டு மடங்கு மட்டும் தப்பித்துவிடும். அதற்குப் போக வரத் தூரம் ஒரு முழு அலைநீளம் ஆகிவிடுவதால் அலை அதே கட்டத்தில் திரும்புகிறது. கார் தன் குரலை முழுக்க இழந்துவிடாமல் இருப்பதற்கு இதுவும் உதவுகிறது.

நீளத்தைக் கண்டுபிடிக்க, ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் போதும். போதும் என்று சொல்லிவிட்டேன், ஆனால் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். எந்த வெப்பநிலையில் இருக்கும் ஒலி வேகம்? 20 டிகிரி காற்றில் நொடிக்கு 343 மீட்டர். 200 டிகிரியில் 436. 300 டிகிரியில் 480. 100 ஹெர்ட்ஸுக்கு இவை முறையே 86, 109, 120 சென்டிமீட்டர் நீளம் தரும். பள்ளிப் பாடத்தில் படித்த 343-ஐ வைத்து 86 சென்டிமீட்டருக்கு வெட்டிய குழாய், 200 டிகிரி வாயுவில் 127 ஹெர்ட்ஸுக்குத்தான் வேலை செய்யும். நான்கு சிலிண்டர் காரில் அது 3,800 ஆர்பிஎம். முழக்கம் இருக்கும் 3,000-இல் ஒரு மாற்றமும் தெரியாது. குழாய் பயனில்லாதது என்று பழி விழும். கிளைக்குள் ஓட்டம் இல்லாததால் அங்குள்ள வாயு முதன்மைக் குழாயில் இருப்பதைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் கொஞ்சம் நீளமாக வெட்டி, ஓட்டிப் பார்த்து, பிறகு குறைப்பார்கள். நீட்டுவதைவிடக் குறைப்பது எளிது.

முழக்கத்தின் அதிர்வெண்ணை அறிய இரண்டு வழிகள். அது உச்சமாக இருக்கும் ஆர்பிஎம்மைக் குறித்துக்கொண்டு கணக்குப் போடலாம். அல்லது கைப்பேசியில் ஒலி நிறமாலை காட்டும் செயலியைத் திறந்து, உடன் வருபவரைப் பார்க்கச் சொல்லலாம். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் முழக்கம் எக்ஸாஸ்டிலிருந்து வருகிறதா, டயரிலிருந்தா என்று யோசிக்க வேண்டும்.

கிளையின் பருமனையும் அலட்சியப்படுத்தக் கூடாது. முதன்மைக் குழாயின் அதே விட்டத்தில் கிளை இருந்தால், குறிவைத்த அதிர்வெண்ணிலிருந்து 10 சதவீதம் விலகிய இடத்திலும் கணக்குப்படி 10 டெசிபல் குறையும். அதாவது 2,700 முதல் 3,300 ஆர்பிஎம் வரை நிம்மதி. இடத்தை மிச்சப்படுத்த விட்டத்தைப் பாதியாக்கினால், அதே 10 சதவீத விலகலில் கிடைப்பது வெறும் 2 டெசிபல். வெப்பநிலை மாறும்போதெல்லாம் குறி நகர்கிற ஒரு பொருளுக்கு அவ்வளவு ஒடுங்கிய வரம்பு சரிப்படாது. எங்கே பற்றவைப்பது என்பதும் முக்கியம். அழுத்தம் அதிகம் ஊசலாடும் இடத்தில்தான் கிளைக்கு வேலை. குழாய் வெளியே திறக்கும் வால்முனையில் அழுத்த ஊசல் கிட்டத்தட்டப் பூச்சியம். அங்கே மாட்டினால் அலங்காரம்தான்.

ஒன்றே கால் மீட்டர் குழாய்க்குக் காரின் அடியில் இடம் இல்லையா? அப்போது ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறை. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஒலியில் கலந்திருக்கும் சுருதிகளைப் பிரித்துக் கேட்கக் கழுத்துள்ள வெற்றுக் கோளங்களைப் பயன்படுத்தினார். காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் வரும் ஊ என்ற ஓசைதான் இதன் அடிப்படை: கழுத்திலுள்ள காற்று எடைபோலவும், வயிற்றிலுள்ள காற்று சுருள்வில்போலவும் ஆடும். 5 சென்டிமீட்டர் விட்டமும் 10 சென்டிமீட்டர் பயன்நீளமும் உள்ள கழுத்தோடு 10 லிட்டர் அறை ஒன்றை இணைத்தால், 200 டிகிரியில் ஏறக்குறைய 97 ஹெர்ட்ஸ் கிடைக்கும். மூடிய கிளைக்குழாயையும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்றே சொல்லி விற்பவர்கள் உண்டு. வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் வடிவத்தைப் பாருங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் கணக்கு வேறு.

ஒலியை ஒலியால் அழிக்கும் எண்ணம் கணினிக் காலத்துக்கு வெகு முந்தையது. குழாயில் வரும் ஒலியை ஒலிபெருக்கி வழியே எதிர்அலை அனுப்பி அழிப்பதற்கு ஜெர்மானியரான பால் லூயக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இன்று பல கார்கள் கூரையில் மைக் வைத்து, பாட்டுக்கான ஒலிபெருக்கிகள் வழியாகவே இதைச் செய்கின்றன. ஒரு எச்சரிக்கை: அந்த அமைப்பு பழைய எக்ஸாஸ்டின் ஒலிக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. புதியதை மாட்டியதும் அது தடுமாறி, அழிப்பதற்குப் பதில் கூட்டிவிடவும் கூடும்.

வி8 கார்களுக்கு இன்னும் இரண்டு சங்கதிகள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் வளைவுகள் சிலுவை வடிவில் அமைந்த 'கிராஸ்பிளேன்' வகை வி8-இல் ஒரு பக்க நான்கு சிலிண்டர்கள் சீரான இடைவெளியில் வாயுவைத் தள்ளுவதில்லை. இரண்டு பக்கக் குழாய்களும் தனித்தனியே பின்னால் போனால் அந்தச் சீரின்மை தாழ்ந்த உறுமலாக வெளிப்படும். நடுவில் எச் அல்லது எக்ஸ் வடிவத்தில் இணைத்தால் துடிப்புகள் கலந்து ஓரளவு சமப்படும். இரண்டாவது, எரிபொருளை மிச்சப்படுத்தப் பாதி சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் கார்கள். எட்டு நான்காகும்போது 1,500 ஆர்பிஎம்மில் 100 ஹெர்ட்ஸாக இருந்தது 50 ஆகிவிடும். 100-க்கு வெட்டிய கிளைக்குழாய்க்கு அங்கே வேலை இல்லை. இப்படிப்பட்ட கார்களுக்கு வால்வு வைத்த எக்ஸாஸ்ட்தான் பொருத்தம்: சாதாரணமாக ஓட்டும்போது வால்வு மூடி வாயுவை அறைகள் வழியே அனுப்பும், முழுப் பலம் கேட்கும்போது திறந்து நேர்வழி விடும். விலை கூடும், சூட்டில் வால்வு இறுகிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.

இவற்றில் எதையும் வாங்குவதற்கு முன் காரைத் தூக்கி அடியில் பார்ப்பது நல்லது. குழாய் எங்காவது உடலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். தொங்கவிடும் ரப்பருக்குப் பதில் கடினமான பாலியூரிதேன் மாட்டியிருக்கலாம். இரண்டும் அதிர்வைக் காற்றின் துணையில்லாமலே தரைத்தகட்டுக்குக் கடத்தும். கிளைக்குழாய் போட முடிவு செய்தால் மூடிய முனையைத் தாழ்வாக விடாதீர்கள். எரிதலில் உண்டாகும் நீராவி அங்கே குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். தேங்கிய அளவுக்குக் குழாயின் நீளம் குறைந்து, குறிவைத்த அதிர்வெண் மேலே ஏறிவிடும். வேறு வழியில்லாமல் தாழ்வாகத்தான் வைக்க வேண்டும் என்றால், அடிப்பகுதியில் மிகச் சிறிய வடிதுளை ஒன்று போட்டுவிடுங்கள்.