அப்துல்: பாதிப் பெயரின் முழுப் பொருள்

போன மாதம் பரங்கிப்பேட்டையில் என் தங்கை மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் முடியிறக்கி, அகீகா (பிள்ளைக்காக ஆடு அறுத்துப் பங்கிடுவது) கொடுத்து, பெயர் வைக்க வேண்டும். நாலாம் நாள் ராத்திரி துபாயிலிருந்து மருமகன் பேசினார்.

"மாமா, அரபியில நல்ல பேரா, கூப்பிடச் சின்னதா வேணும். அப்துல்னு மட்டும் வச்சிடலாமா?"

"அது பேரு இல்ல மாப்பிள்ளை, பாதிப் பேரு. பாதியிலயும் ஒரு துண்டு அடுத்த சொல்லோடது" என்றேன்.

அவர் விடவில்லை, விளக்கமாகக் கேட்டார். அன்று அவருக்குச் சொன்னதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

'அப்துல்' என்பதில் மூன்று துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலாவது 'அப்த்'. அடியான் என்று பொருள். அடுத்து வரும் உகரம் அரபு இலக்கணத்தின் எழுவாய் வேற்றுமை உருபு. கடைசி 'ல்' இருக்கிறதே, அது 'அல்' என்ற முன்னொட்டின் மிச்சம். பின்னால் வரும் காதிர், கரீம், ஹமீத் போன்ற இறைவனின் பெயர்களுக்குச் சொந்தமானது. தமிழில் உடையவர் முன்னால் வருவார்: இறைவன் அடியான். அரபியில் அவர் பின்னால் வருவார். ஆகவே ஒருவரை 'அப்துல்' என்று கூப்பிட்டு நிறுத்தினால், அரபு தெரிந்தவர் "யாருடைய அடியான்?" என்று மிச்சத்துக்குக் காத்திருப்பார்.

அந்த 'ல்' எல்லா இடத்திலும் ஒலிப்பதும் இல்லை. அரபியின் 28 எழுத்துகளில் 14 'சூரிய எழுத்துகள்'. அவற்றில் ஒன்று அடுத்து வந்தால் லகரம் அந்த எழுத்தாகவே மாறிவிடும். தமிழில் கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆகிறதல்லவா, கிட்டத்தட்ட அதே புணர்ச்சிதான். காதிர், கரீம், மஜீத் வந்தால் அப்துல். ரஹ்மான் வந்தால் அப்துர் ரஹ்மான். ஸலாம் வந்தால் அப்துஸ் ஸலாம். நாஸிர் வந்தால் அப்துந் நாஸிர். எழுத்தில் லகரம் அப்படியே இருக்கும், ஒலிக்கும்போதுதான் மாறும். அதனால் கவிக்கோ தம் பெயரை அப்துல் ரகுமான் என்று எழுதியதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அது எழுத்தை ஒட்டிய வழக்கம்.

அ, ப, த என்ற மூன்று மெய்களை வேராகக் கொண்ட குடும்பம் பெரியது. வணக்க வழிபாட்டைக் குறிக்கும் 'இபாதத்' அதிலிருந்துதான் வருகிறது. வணங்குபவர் 'ஆபித்', அதன் பன்மை 'ஆபிதீன்'. ஜைனுல் ஆபிதீன் என்றால் வணங்குவோரின் அணிகலன். எபிரேயத்திலும் இதே வேர் உண்டு. தமிழ் வேதாகமத்தில் ஒபதியா என்று ஒரு தீர்க்கதரிசியின் பெயர் வருகிறது. அதற்கும் இறைவனின் அடியான் என்றே பொருள்.

'அபுல்' என்பதையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 'அபு' என்றால் தந்தை. உமறுப்புலவரை ஆதரித்துச் சீறாப்புராணத்தில் பாராட்டப்பெற்ற எங்கள் ஊர் வள்ளல் அபுல் காசிம் மரைக்காயர். அவர் பெயருக்குக் காசிமின் தந்தை என்று பொருள். அபுல் கலாம் என்றால் பேச்சின் தந்தை, அதாவது சொல்லாற்றல் மிக்கவர்.

தமிழ் நாவு இந்தச் சொல்லை எப்படி வாங்கிக்கொண்டது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. தமிழ் இலக்கணப்படி க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே மயங்கும். 'ப்த' என்ற சேர்க்கை நம் வாய்க்கு இயல்பானது அல்ல. எண்பது தாண்டிய என் உம்மா அப்துல் காதிரை இன்றும் 'அத்துக்காதரு' என்றுதான் சொல்வார். பகரம் போய்த் தகரம் இரட்டித்துவிட்டது, லகரம் ககரத்தில் கரைந்துவிட்டது. சின்ன வயதில் நான் திருத்தப் பார்த்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, 17ஆம் நூற்றாண்டுக் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரும் இப்படித் தேய்ந்ததுதான் என்று. ஷெய்கு அப்துல் காதிர், சீதக்காதி ஆனார். இதைக் கொச்சை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அரபுச் சொல் தமிழ் மண்ணில் வேர்விட்ட அடையாளம் அது.

சரி, தமிழில் நேர்ச்சொல் எது? அகராதியில் 'அடிமை' என்று போட்டிருக்கும். விலைக்கு வாங்கப்பட்ட ஆளையும் அரபியில் 'அப்த்' என்பார்கள் என்பதால் அது தவறில்லை. ஆனால் பெயரில் வரும் அப்துக்கு 'அடியான்' என்பதே பொருத்தம். நம் கடலூர் மாவட்டத்துத் தில்லையும் திருவதிகையும் திருவாமூரும் அடியார் என்ற சொல்லை ஊட்டி வளர்த்த ஊர்கள். யாருக்கும் குடியல்லோம் என்று பாடிய நாவுக்கரசர் பிறந்தது திருவாமூரில். இறைவனுக்கு அடியானவன் வேறு எவருக்கும் ஆளில்லை என்ற அந்தத் துணிவு அப்துல்லாஹ் என்ற பெயருக்குள்ளும் இருக்கிறது. அதனால்தான் அப்துல்லாஹ்வை 'இறையடியான்' என்றும், அப்துர் ரஹ்மானை 'அருளாளன் அடியான்' என்றும் தமிழாக்க எனக்குத் தயக்கமே இல்லை. இறைவனுக்கு மிகவும் விருப்பமான பெயர்கள் என்று நபிமொழி சொல்வதும் இந்த இரண்டையும்தான்.

பெயரைத் தப்பான இடத்தில் வெட்டினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். என் காக்கா (அண்ணன்) மகன் பெயர் அப்துர் ரஹ்மான். பள்ளிச் சான்றிதழில் இடைவெளி விட்டு எழுதினார்கள். பாஸ்போர்ட்டில் 'அப்துல்' பெயராகவும் 'ரஹ்மான்' குடும்பப் பெயராகவும் பிரிந்துபோயின. இப்போது வேலையிடத்தில் அவனை வெறும் ரஹ்மான் என்றே அழைக்கிறார்கள். கரீம், ரஹீம் என்று மனிதரையும் சொல்லலாம். ரஹ்மான் அப்படி அல்ல, அது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய பெயர் என்பது ஆலிம்களின், அதாவது மார்க்க அறிஞர்களின் கருத்து. அடியானை எடுத்துவிட்டு ஆண்டவன் பெயரால் பிள்ளையைக் கூப்பிடுகிறோமே என்று அவன் வாப்பா வருந்தாத நாளில்லை.

மருமகனிடம் இரண்டே விஷயம் சொன்னேன். ஒன்று, இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். இரண்டு, அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

ஏழாம் நாள் முடியிறக்கினோம். அந்த முடியின் எடைக்கு வெள்ளி கணக்கிட்டுத் தருமம் கொடுத்தோம். பதிவுக்கான தாளில் 'அப்துர்ரஹ்மான்' என்று நான் சேர்த்து எழுதினேன். சின்னதாகக் கேட்ட மருமகன் வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு, "நீளமா இருக்கே மாமா" என்றார்.

உம்மா பிள்ளையை மடியில் வாங்கி, "அத்துறகுமானு" என்று கூப்பிட்டார்கள். இந்த முறை நான் திருத்தவில்லை.