தாளம் விழும்போது எழும் கால்

"ஓபரா என்றால் பாட்டு நாடகம்தானே? கதை சூடுபிடிக்கும் நேரத்தில் எல்லாரும் ஏன் ஆடத் தொடங்கிவிடுகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பழைய பிரெஞ்சு ஓபரா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த கேள்வி.

அரசனே ஆட்டக்காரன் என்பது பாதி விடை. பதினான்காம் லூயி 1653-இல், தன் 14 வயதில், சூரியனாக வேடமிட்டு ஆடியவர். அவருடைய இசையமைப்பாளர் லுல்லி, ஓபராவின் ஐந்து அங்கங்களிலும் ஆட்டத்துக்கு இடம் வைத்தார்.

மீதி விடை 1686-இல் அரங்கேறிய 'ஆர்மீத்' ஓபராவில் இருக்கிறது. மந்திரக்காரி ஆர்மீத், வீரன் ரெனோவை மயக்கி வைத்திருக்கிறாள். கொஞ்சநேரம் வெளியே போகவேண்டும். அதுவரை அவனைப் பிடித்துவைக்க ஓர் ஆட்டக் கூட்டத்தை விட்டுப் போகிறாள். அடிநாதத்தில் நாலு சுரம் இறங்கும்; திரும்ப இறங்கும்; திரும்பவும். இந்த வகைக்கு பாசகாய் என்று பெயர். கதை நின்றுதான் போகிறது. நிறுத்திவைப்பதுதானே அங்கே ஆட்டத்தின் வேலை!

இதே இசைக்கு பெக்கூர் என்பவர் அமைத்த தனி ஆட்டம் ஒன்று அடிக்கு அடி இன்றும் கிடைக்கிறது. காரணம், 1700-இல் ஃபெய்யே என்ற நடன ஆசான் அச்சிட்ட நடனக் குறியீடு, அதாவது ஆட்டத்தைத் தாளில் எழுதும் முறை. அதைக் கண்டுபிடித்தவன் நான் என்று அரண்மனை நடன ஆசான் போஷான் வழக்கே போட்டார். அது கிடக்கட்டும்.

இந்தக் குறியீட்டில் தாள்தான் மேடை, மேலிருந்து பார்க்கிறீர்கள். தாளின் மேல்விளிம்பில் அரசர் உட்கார்ந்திருப்பார். அதற்கும் மேலே இசை. கீழே ஓடும் வளைகோடு ஆடுபவரின் பாதை. அதைக் குறுக்கே வெட்டும் சிறுகோடுகள் தாளச் சுற்றுகள். பாதைக்கு வலப்பக்கம் வலக்கால், இடப்பக்கம் இடக்கால். ஒவ்வொரு அடியும் ஒரு கரும்புள்ளியில் தொடங்கி, கோடாக நீண்டு, பாதம் திரும்பிய திசையில் முடியும். அந்தக் கோட்டில் சாய்ந்த சிறுகீறல் இருந்தால் முழங்காலை மடக்கு, நேர்க்கீறல் என்றால் எழு, இரண்டு நேர்க்கீறல் என்றால் குதி. கீறல் கோட்டின் எந்த இடத்தில் நிற்கிறதோ, அதுவே நேரம்.

எனக்குப் பித்துப் பிடித்தது இங்கேதான். மடக்குவது தாளம் விழுவதற்குச் சற்று முன்னால். விழும் கணத்தில் உடல் எழுந்துவிடும். இசையை நடத்துபவரின் தாளக்கோல் தரையில் இடிக்கும்போது ஆடுபவர் மேலே போகிறார்! (லுல்லி தன் கோலால் தன் காலையே இடித்துக்கொண்டு, புண் புரையோடி 1687-இல் இறந்துபோனார்.)

ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு நானும் முயன்றேன். உடல் திரும்பினாலும் புத்தகம் திரும்பக்கூடாது என்பது விதி. மறந்துபோய் இரண்டையும் திருப்பினேன். பிரிட்ஜுக்கு வணக்கம் சொல்லி ஆட்டம் முடிந்தது.

நடனம் எழுத்தில் நிற்காது என்பார்கள். அழகான மூடநம்பிக்கை. இந்த முறையில் எழுதிய 300-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் மிஞ்சியிருக்கின்றன. பழந்தாளைப் புரட்டுவோருக்கு எதற்கு அரசுப் பணம் என்று கேட்பவர்கள், 1987-இல் பாரிஸில் லுல்லியின் 'அத்தீஸ்' ஓபரா மறுபடி மேடையேறியதைப் பார்க்க வேண்டும். ஆட்டம் அமைத்த பிரான்சின் லான்சலோ, இப்படித் தாள்களோடு மல்லாடியவர்தான்.

ஒரு குறை உண்டு. கைகளுக்கும் ஃபெய்யே குறி கொடுத்திருந்தார். ஆனால் எழுதியவர்கள் பெரும்பாலும் அதைப் போடவில்லை. அதனால் ஒரே தாளைப் படித்து ஆடும் இருவருக்குக் கால்கள் ஒத்துப்போகும், கைகள் ஆளுக்கொரு பக்கம் போகும்.