60 பாட்டில் ரத்தம், அதில் ஒன்று: அமிதாப் பச்சனும் ஹெபடைட்டிஸ் பி-யும்

1977-இல் வந்த 'அமர் அக்பர் அந்தோணி' படத்தின் அந்தக் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். விபத்தில் அடிபட்ட ஒரு பெண், பக்கத்துக் கட்டில்களில் மூன்று இளைஞர்கள். அவள் தங்கள் தாய் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மூன்று பேர் கையிலிருந்தும் ரத்தம் குழாய் வழியாக மேலே ஏறி, ஒரே பாட்டிலில் கலந்து, அவள் கைக்கு இறங்கும். அடுத்த ஆண்டே ரஜினிகாந்த் நடிப்பில் 'சங்கர் சலீம் சைமன்' என்று அந்தக் கதை தமிழுக்கும் வந்தது.

ரத்த வங்கி மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு அந்தக் காட்சி இன்றும் பிடிக்கும். சாதி மதம் பார்க்காமல் ரத்தம் கொடுக்கலாம் என்பதைக் கூட்டம் போட்டு விளக்கினாலும் அவ்வளவு சுலபமாக மனதில் ஏற்ற முடியாது. ஆனால் அங்கே ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. கொடுத்த ரத்தத்தை யாரும் பரிசோதிக்கவில்லை. அந்த மூன்று மகன்களில் ஒருவராக நடித்த அமிதாப் பச்சனுக்கு ஐந்தே ஆண்டுகளில், அதே இயக்குநர் மன்மோகன் தேசாயின் படப்பிடிப்பில் அடிபட்டு, ஊரார் கொடுத்த ரத்தம் தேவைப்பட்டது. அந்த ரத்தம் உயிரைக் காப்பாற்றியது. அதோடு சேர்ந்து ஒரு நோய்க்கிருமியும் வந்தது.

அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942 அக்டோபர் 11 அன்று அலகாபாத்தில் பிறந்தார். அப்பா புகழ்பெற்ற இந்திக் கவிஞர் ஹரிவன்ஷ் ராய் பச்சன். கல்கத்தாவில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு பம்பாய்க்கு வந்தவருக்கு 1969-இல் முதல் படம். அப்புறம் சில ஆண்டுகள் படங்கள் வரிசையாக ஓடாமல் போயின. 1973-இல் 'ஜஞ்சீர்' அவரைத் தூக்கி நிறுத்தியது. 1975-இல் 'தீவார்', 'ஷோலே'. நம் ஊரில் அவரை நேரில் பார்க்காதவர்களும் ரஜினி வழியாகப் பார்த்திருக்கிறார்கள்: அவருடைய 'டான்' இங்கே 'பில்லா', 'தீவார்' இங்கே 'தீ'. 1982-இல் இந்திப் பட உலகில் அவரைவிடப் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை.

அந்த ஆண்டு ஜூலை 26. பெங்களூர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் 'கூலி' படத்தின் சண்டைக் காட்சி. நடிகர் புனீத் இஸ்ஸார் அடிப்பது போல் அடிக்க, இவர் மேஜை மேல் விழ வேண்டும். கணக்குத் தவறி மேஜையின் முனை வயிற்றில் குத்தியது. வெளியே பெரிய காயம் இல்லை; உள்ளே குடல் கிழிந்திருந்தது. பெங்களூரில் செயின்ட் பிலோமினா மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து, பிறகு பம்பாய் பிரீச் கேண்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 2 அன்று ஏறக்குறைய போய்விட்டார் என்ற நிலையிலிருந்து மீண்டார். அந்த நாளைத் தன் இரண்டாவது பிறந்தநாளாக அவர் இன்றும் சொல்கிறார். படத்தின் முடிவில் சாக வேண்டிய நாயகனைப் பிழைக்க வைத்து, 1983-இல் வெளியிட்டார்கள்.

எனக்கு முக்கியமானது அந்த நாட்களில் நடந்த இன்னொரு விஷயம். சுமார் 200 பேர் ரத்தம் கொடுத்தார்கள். 60 பாட்டில் அவர் உடம்பில் ஏறியது. இதை அவரே பொது மேடைகளில் சொல்லியிருக்கிறார். கொடுத்தவர்களில் ஒருவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருந்தது. ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்து, சாதாரண உடல் பரிசோதனை ஒன்றில்தான் அது வெளியே வந்தது. அதற்குள் கல்லீரலில் முக்கால் பங்கு கெட்டுவிட்டது, மீதிக் கால் பங்கில்தான் வாழ்கிறேன் என்று அவர் வெளிப்படையாகச் சொல்கிறார்.

அந்த 18 ஆண்டுகளில் அவர் என்னென்ன செய்தார் என்று பாருங்கள். 1984-இல் அலகாபாத்தில் நின்று எம்.பி. ஆனார். 1987-இல் பதவியை விட்டார். பல பெரிய படங்களில் ஓடினார், ஆடினார், சண்டை போட்டார். சொந்தக் கம்பெனி தொடங்கி, கடனில் மாட்டினார். 2000 ஜூலையில் தொலைக்காட்சியில் 'கோன் பனேகா குரோர்பதி' தொடங்கி மறுபடி எழுந்தார். இவ்வளவுக்கும் நடுவில் கல்லீரல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லீரலின் உட்பகுதியில் வலி உணரும் நரம்பு கிடையாது. கால் பங்கு நல்லபடியாக இருந்தாலே அது தன் வேலையைச் செய்துகொண்டு போகும். கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தி எடுக்கும்போதுதான் பலர் எங்கள் பக்கம் வருகிறார்கள். அப்போது கிருமி வந்து இருபது, முப்பது வருடம் ஆகியிருக்கும்.

அந்த ரத்தம் கொடுத்தவரைப் பற்றியும் நான் அடிக்கடி யோசிப்பேன். தனக்குப் பிடித்த நடிகருக்காக ஓடி வந்திருப்பார். தன் உடம்பில் கிருமி இருப்பது அவருக்கும் தெரிந்திருக்காது. முகாம்களில் நான் பார்ப்பதும் இதுவே. பரிசோதனையில் ரியாக்டிவ், அதாவது கிருமி இருக்கலாம், என்று வருபவர்களில் பெரும்பாலோர் நல்ல திடகாத்திரமான ஆட்கள். தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னால், "என்ன டாக்டர், நேத்து சாயங்காலம்கூட கிரிக்கெட் ஆடினேனே, எனக்கா?" என்பார்கள். கூடவே வரும் அடுத்த கேள்வி, "நான் குடிக்கவே மாட்டேனே டாக்டர்?" கல்லீரல் கெட்டால் குடிகாரன் என்று ஊரில் ஒரு நினைப்பு. குடிப்பழக்கத்துக்கும் இந்த வைரஸுக்கும் சம்பந்தம் இல்லை.

இன்றைக்கு ஒரு பை ரத்தம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். 1982-இல் கண்ணாடி பாட்டில். இப்போது பிளாஸ்டிக் பை. 350 அல்லது 450 மில்லி எடுக்கும்போதே சின்னக் குழாய்களில் மாதிரி ரத்தம் தனியாகப் பிடிக்கிறோம். பை தனி ஃபிரிட்ஜில், யாருக்கும் கொடுக்கக் கூடாத வரிசையில் காத்திருக்கும். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய், மலேரியா என்று ஐந்து சோதனைகள் சட்டப்படி கட்டாயம். ஐந்தும் சரி என்று வந்தால்தான் லேபிள் ஒட்டி வெளியே போகும். ஏதாவது ஒன்று ரியாக்டிவ் என்றால் அந்தப் பையை அழித்துவிடுவோம். காசுக்கு ரத்தம் விற்கும் தொழிலையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அமிதாப் காலத்தோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

ஆனாலும் ஒரு சந்து இருக்கிறது. கிருமி உள்ளே நுழைந்து முதல் சில வாரங்களுக்கு எலிசா என்ற வழக்கமான ரத்தச் சோதனையில் அது பிடிபடாது. நாட் என்ற மரபணுச் சோதனை இந்த இடைவெளியைக் குறைக்கும், முழுசாக அடைக்காது. அது எல்லா ரத்த வங்கியிலும் இல்லை. அந்த நாட்களில் நோயாளியைக் காப்பாற்றுவது ரத்தம் கொடுப்பவர் தரும் உண்மையான பதில் ஒன்றுதான்.

கல்லூரி முகாமில் நடப்பது இது. படிவத்தில் 'கடந்த ஒரு வருடத்தில் பச்சை குத்தினீர்களா, அறுவை சிகிச்சை நடந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா' என்று வரிசையாகக் கேள்விகள். பின்னால் நான்கு நண்பர்கள் தோளில் கை போட்டு எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பையன் படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடுவான். சட்டைக் கையை மடித்துப் படுத்த பிறகுதான் முழங்கைக்கு மேலே புதுசாகக் குத்திய டாட்டூ தெரியும், விளிம்பில் இன்னும் தோல் உரிந்துகொண்டிருக்கும். எழுப்பி அனுப்பினால் அவனுக்கு அவமானமாக இருக்கும். தம்பிகளே, தங்கைகளே, இதில் அவமானம் எதுவும் இல்லை. கூட்டத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டுப் போன பிறகு மனது உறுத்தினாலும் போன் செய்து 'என் பையை யாருக்கும் கொடுக்காதீர்கள்' என்று சொல்லலாம். காரணம் கேட்க மாட்டோம், ஒதுக்கி வைத்துவிடுவோம். 'ஓசியில் டெஸ்ட் பார்த்த மாதிரி இருக்கும்' என்று மட்டும் ரத்தம் கொடுக்க வராதீர்கள். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் நேராகவே சோதித்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் "ரத்தத்துக்கு ஆள் கொண்டு வாங்க" என்று சொல்லி, அலைந்து திரிந்து கூட்டி வரும் உறவினர்களிடம் எனக்குக் கவலை இன்னும் அதிகம். மாமாவுக்கு ஆபரேஷன் நிற்கிறது என்ற நெருக்கடியில் யாரும் பழைய காமாலையை வெளியே சொல்வதில்லை. அமிதாபுக்குக் கொடுத்தவர்களுக்கும் அந்த அவசரம் இருந்திருக்கும்.

ஹெபடைட்டிஸ் பி-க்கு ரியாக்டிவ் என்று வந்தால் என்ன செய்வது? முதலில் அது தீர்ப்பு அல்ல. கல்லீரல் மருத்துவரிடம் போய் உறுதிப்படுத்தும் சோதனை, வைரஸ் அளவு, ஸ்கேன் எல்லாம் பார்க்க வேண்டும். சிலருக்கு மருந்தே தேவைப்படாது, குறித்த இடைவெளியில் சோதனை போதும். தேவைப்படுபவர்களுக்கு டெனோஃபோவிர் போன்ற மாத்திரை தினம் ஒன்று. வைரஸை அடக்கி வைக்கும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். இந்தியாவில் 2022-இல் சுமார் 2.98 கோடிப் பேருக்கு இந்தக் கிருமி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் பெரும்பாலோர் சோதித்துப் பார்த்ததே இல்லை. கல்ஃப் வேலைக்கு மெடிக்கல் போய், 'அன்ஃபிட்' என்று சீல் குத்தும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

கீழாநெல்லி பற்றி நிறையப் பேர் கேட்பதால் சொல்கிறேன். தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் ஏ வகை, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் இறங்கிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். பி வகை வேறு. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லியால் பி வகைக் கிருமி போவதாக லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. பிற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போட்டு, கல்லீரலில் புற்றுக்கட்டியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்; அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கும் கொடுமை. ஒன்றாகச் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளை, பகிர்ந்துகொள்ளும் பிளேடு, ஊசி: வழி இவைதான். 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய ஹெபடைட்டிஸ் தூதராக அமிதாப் பொறுப்பேற்றதை நான் பெரிதாக மதிக்கிறேன். அவ்வளவு பெரிய நடிகர் 'எனக்கு இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு, என் முன்னால் உட்கார்ந்து அழுதவர்களிடம் எனக்குச் சொல்ல ஒரு பெயர் கிடைத்தது. எண்பது வயதைத் தாண்டி, 2024-இல் 'வேட்டையன்' படத்தில் ரஜினியோடு தமிழிலும் நடித்துவிட்டார்.

வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்ற எல்லோரும் சோதித்து, இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. கர்ப்பிணிகள் முதல் செக்கப்பிலேயே சோதிக்க வேண்டும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் இதுவும் சேர்ந்து 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் நாட்டிலேயே முதலில் வந்தது. இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் அப்பா அம்மாவுக்குத்தான் இன்னும் ஊசியும் இல்லை, சோதனையும் இல்லை.